அண்ணா பஸ்ஸை மறித்த நாள்

இறுதிக் கிரியை நாளில் பேசிய பெரியவர் ஒருவர், "ஒரு வீரனை இழந்து நிற்கிறோம்" என்றார். அழுதுகொண்டிருந்த எனக்கே அவர் யாரைச் சொல்கிறார் என்று ஒரு கணம் விளங்கவில்லை. எங்கள் அண்ணா மட்டத்தேளைக் கண்டால் கதிரையில் ஏறி நிற்பவர். ஊசி போடவேண்டும் என்று டொக்டர் சொன்னால் காய்ச்சல் சுகம் என்று எழுந்து வந்துவிடுவார். ஆற்றில் வேலை செய்தும் நீச்சல் அரைகுறை. இப்படிப்பட்ட ஒருவரை வீரன் என்று சொல்லலாமா என்ற யோசனை, வந்த சனமெல்லாம் போன பிறகும் என்னை விடவில்லை. "முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நினைவு மலருக்கு நீங்களே எழுதுங்கோ அக்கா" என்று தம்பி கேட்டபோது, அதையே எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

தோப்பூருக்கு அப்பால் வயல்களுக்கு நடுவே உள்ள எங்கள் ஊரில், குடும்பத்தின் மூத்த பிள்ளையாக அண்ணா பிறந்தார். ஐயா கண்மூடியபோது அவருக்கு மீசைகூட அரும்பவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் திருகோணமலைக்குப் போய், துறைமுகத்தில் வெள்ளைக்காரரின் கப்பல்களுக்குப் பெயின்ற் அடிக்கும் வேலையில் சேர்ந்தார். நாங்கள் உண்டதும் உடுத்ததும் படித்ததும் அந்தச் சம்பளத்தில்தான். வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை விட்டுப் போனதும் வேலையும் போயிற்று. சில காலம் லொறிகளில் விறகு ஏற்றினார். பிறகுதான் எங்கள் பக்கத்து ஆறான கங்கையின் துறையில் பாதை வேலை கிடைத்தது. பாலம் இல்லாத எங்கள் பக்கத்தில், பஸ்ஸையும் லொறியையும் ஏற்றி ஆற்றைக் கடத்திவிடும் தட்டையான பெரிய மிதவையையே பாதை என்போம்.

அந்த வேலையில் ஓர் ஒழுங்கு உண்டு. பஸ் பாதையில் ஏறுமுன் ஆட்கள் எல்லோரும் இறங்கிவிட வேண்டும். வெள்ளக் காலத்தில் பஸ் தனியாக ஒரு தரம், ஆட்கள் தனியாக ஒரு தரம் போகவேண்டும். பஸ் சரிந்தால் உள்ளே இருப்பவர்கள் வெளியே வரமுடியாது, அவ்வளவுதான் காரணம். மழை, சேறு, கைக்குழந்தை என்று யாராவது கெஞ்சினால் பாதைக்காரர் கண்டும் காணாமல் விடுவதும் நடக்கும். தண்ணீர் வற்றிய காலங்களில் அண்ணாவும் அப்படி விட்டதுண்டு.

என் கலியாணம் ஒரு தை மாதத்தில் நடந்தது. கங்கையில் வெள்ளம் வடியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் திருகோணமலை நகரத்தவர். எங்கள் வழக்கப்படி பெண்ணின் சகோதரனே தோழனாகப் போய் மாப்பிள்ளையை அழைத்து வரவேண்டும். அண்ணாவும் பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் பஸ்ஸில் வந்தார். வழியில் மற்றத் துறைகளில் சுணங்கி, அவர்கள் கங்கைக்கு வந்தபோது முகூர்த்தத்துக்குச் சொற்ப நேரமே இருந்தது. நான் அக்கரையில், எங்கள் ஊரில் மணப்பெண்ணாக அலங்கரித்துக் காத்திருந்தேன். துறையில் நடந்ததெல்லாம் என் கணவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கூறைச்சேலைத் தட்டோடும் பட்டுச் சேலைகளோடும் இருந்த பெண்களுக்குச் சேற்றில் இறங்க மனமில்லை. அன்று கடமையில் நின்றவர் அண்ணாவோடு பல காலம் வேலை செய்த முஸ்லிம் மூத்தவர் முத்தலிபு காக்கா. "கலியாணப் பஸ்தானே தம்பி, ஒரே தரமாக் கொண்டு போவம்" என்றார். அண்ணா பஸ்ஸால் இறங்கிப் போய், பாதைக்கு ஏறும் பலகையின் முன்னால் நின்றுகொண்டார்.

"ஆக்கள் இறங்கட்டும் காக்கா. பஸ் தனியப் போகட்டும்."

மாப்பிள்ளையின் தகப்பனார், அதாவது என் மாமா, யன்னலால் தலையை நீட்டினார். "தம்பி, நீர் இண்டைக்கு வேலைக்கு வரயில்லை. தோழனா வந்தனீர். விலகும்."

"ஓம் மாமா. எண்டாலும் விட ஏலாது."

"முகூர்த்தம் தப்பினால் நான் பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு போயிடுவன். பிறகு உம்மட தங்கச்சி மணவறையில தனியத்தான் இருக்கவேணும்."

அண்ணா தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "தங்கச்சிக்கு நான் பதில் சொல்லுறன். நீங்கள் இறங்குங்கோ மாமா" என்றாராம். அழப்போகிற பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது என்பார் என் கணவர்.

ஒருவரும் அசையவில்லை. அப்போது மாப்பிள்ளை எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். மாப்பிள்ளையே இறங்கிய பிறகு மற்றவர்கள் எப்படி இருப்பது? முணுமுணுத்துக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கினார்கள். என் கணவர் தம் தகப்பனாருக்கு முன்னால் காட்டிய வீரம் அது ஒன்றுதான். அதன் பிறகு அவர் தகப்பனாரை எதிர்த்து வாய் திறந்ததை நான் கண்டதில்லை.

பஸ் தனியாகப் போயிற்று. ஆட்கள் பிறகு போனார்கள். பாதை பெரிதாக ஆடக்கூட இல்லை. முகூர்த்தம்தான் தப்பிவிட்டது. ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, பின்னேரம் ஒரு நேரத்தைக் கண்டுபிடித்துத் தந்தார். அதற்குள் சோறு ஆறிவிட்டது, தூரத்துச் சனம் போய்விட்டது. தாலி கட்டி முடியும்வரை மாமா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். "ஒண்டும் நடந்திராது, அவன்ர வீண் பிடிவாதம்" என்று அவர் சாகும்வரை சொல்லிவந்தார். அண்ணா தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தால் மாமா எழுந்து அறைக்குள் போய்விடுவார். அண்ணா வாசலிலேயே நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போவார்.

ஆற்றில் குதித்து ஒரு பிள்ளையைத் தூக்கியவரை ஊரே கொண்டாடும். நடக்காமல் போன விபத்தை யாருக்குக் காட்டுவது? அவர் மறித்ததால்தான் நடக்கவில்லையா, விட்டிருந்தாலும் நடந்திராதா என்பது மறித்தவருக்கே தெரியாது. அந்தச் சந்தேகத்தையும் ஏச்சையும் சேர்த்துச் சுமந்துகொண்டு அவர் மறுநாளும் வேலைக்குப் போகவேண்டும். அண்ணா போனார். பயந்த மனிதர்தான், பயந்துகொண்டே நின்றார். பெரியவர் சொன்ன சொல்லை நான் இப்போது மறுக்கமாட்டேன்.

நெஞ்சு வருத்தத்தோடு அண்ணா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில் ஒருமுறை துணிந்து கேட்டேன். "அண்ணா, அண்டைக்கு விட்டிருந்தால் பஸ் கவிண்டிருக்குமோ?"

"தெரியாது தங்கச்சி. தெரியாதபடியால்தான் விடயில்லை." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ர கலியாணத்தை நல்ல நேரத்தில நடத்தித்தர ஏலாமப் போச்சு" என்று அழுதார்.

அண்ணாவை இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரித் தாதியருக்கும், பந்தல் போட்டுச் சமைத்துத் தந்த அயலவருக்கும், முதிய வயதில் மூதூரிலிருந்து வந்து பாடை தூக்கும்வரை உட்காராமல் நின்ற முத்தலிபு காக்காவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தப் பஸ்ஸில் வந்த என் மச்சாள் ஒருத்தி பிறகு கலியாணம் கட்டிப் பிள்ளைகள் பெற்றாள். அவளுடைய மூத்த மகன் அண்ணாவின் பாடைக்குத் தோள் கொடுத்து, சுடலைவரை ஆள் மாறாமல் வந்தான். தன் தாய் வந்த பஸ்ஸை அன்று மறித்த மனிதருக்குத்தான் தோள் கொடுக்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது. அவனுக்கும் எங்கள் நன்றி.