வால்வு மச்சானோடு அருவிக்குப் போன நாள்

இல்லை இல்லை, அருவி நன்றாகத்தான் இருந்ததாம். பார்த்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். நான்தான் பார்க்கவில்லை. விமானம் ஏறி, மலை தாண்டி, மஞ்சள் தொப்பி மாட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் போய், அருவிக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டு வந்தேன். எல்லாம் என் மச்சானால் வந்த வினை.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. பிளம்பர். எங்கள் அடுக்குமாடிக் கட்டிடத்தில் வாட்ச்மேன் முதல் வாண்டுகள் வரை அவனுக்கு 'வால்வு' என்றுதான் பேர். பெற்றவர்கள் வைத்த பேரைச் சொல்லி யாராவது தேடிக்கொண்டு வந்தால், அப்படி ஒருத்தர் இங்கே இல்லை என்று வாட்ச்மேன் திருப்பி அனுப்பிவிடுவார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன்டா என்று கேட்டால், "எந்நேரமும் அடுத்தவன் பாத்ரூம்ல கிடக்கிறவனுக்கு யாரு அத்தான் பொண்ணு குடுப்பா?" என்பான்.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரூம். அதில்தான் குடியிருப்பு. கட்டிடத்தின் குழாய் வேலைகளை எல்லாம் பார்த்துக்கொள்வதால் வாடகை கிடையாது. நமக்கெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் மனுஷர், அவனுக்குத் தொட்டி. சண்டை சச்சரவு இல்லாத பக்கத்து வீடு என்று பெருமை வேறு.

அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. வேலை கற்றுக்கொண்ட புதிதில், ஒரு வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் படுத்துக் குழாயைக் கழற்றியிருக்கிறான். மாடியில் அவன் மூடிவிட்டு வந்த வால்வை எவனோ ஒரு புண்ணியவான், ஏன் தண்ணீர் வரவில்லை என்று பார்த்து, திறந்துவிட்டான். இவன் மூக்கு, வாய், காது எல்லாம் தண்ணீர். கீழ் வீட்டுக் கூரைப் பூச்சு பெயர்ந்து அவர்களுடைய புது சோபாவில் விழுந்தது. அன்றையிலிருந்து வால்வை மூடினால் அதன் கைப்பிடியைக் கழற்றித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்வான். போதாததற்கு வால்வுகளைச் சுற்றித் தகரப் பெட்டி அடித்து அதற்கு ஒரு பூட்டு. "கைப்பிடி எங்கிட்ட இருந்தா எவன் கையும் நீளாது அத்தான்" என்பான். நல்ல பழக்கம்தான். அந்த நல்ல பழக்கம்தான் எங்கள் குடும்பத்தையே அலற வைத்தது.

என் பேத்தியைப் பற்றி இன்னும் சொல்லவில்லை பாருங்கள். போன வாரம் பிறந்தாள். என் மகளுக்கு முதல் குழந்தை, எனக்கு முதல் பேத்தி. நெற்றியைச் சுருக்கினால் அச்சு அசல் நான்தான் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லாதவர்களிடம் நானே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில், பார்த்தது போதும் கிளம்புங்கள் என்று துரத்திக்கொண்டே இருந்தார்கள். ஒரு வழியாக வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். மறுநாள் காலையில் எங்கள் தெருவிலேயே இருக்கும் நர்ஸம்மா வந்து, குழந்தையை எப்படிக் குளிப்பாட்டுவது என்று மகளுக்குச் சொல்லிக்கொடுப்பதாக ஏற்பாடு.

வீட்டில் அவளுக்கு முதல் குளியல். அதை நான் பார்க்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். என் மகள் குழந்தையாக இருந்தபோது நான் மரம் அறுக்கும் மில்லில் இருந்தேன். அவள் குளிக்கிற நேரத்தில் நான் ரம்பத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பேன். அந்த மில் எனக்குக் கொடுத்தது கொஞ்சம் மந்தமான இரண்டு காது. மகளைக் குளிப்பாட்டி ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை.

ஆனால் பாருங்கள், அதே நாளுக்குத்தான் மாப்பிள்ளை டிக்கெட் போட்டிருந்தார். மாமனார் மாமியார் விமானத்தில் போய் அருவி பார்த்துவிட்டு வரட்டும், காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம், கூடவே ஒரு கைடு வருவார் என்று ஆசையாகப் பணம் கட்டியிருந்தார். குழந்தை இவ்வளவு சீக்கிரம் வந்துவிடுவாள் என்று அவருக்கு மட்டும் என்ன ஜோசியமா தெரியும்? என் மனைவி பேத்தியை விட்டு நகரமாட்டேன் என்றாள். உடனே அவள் பேரை எடுத்துவிட்டுத் தம்பி பேரைப் போட்டுவிட்டார்கள்.

"நானும் போகல" என்றேன்.

"நீங்களும் அவனும் வீட்டுல நின்னா எங்களுக்கு நடக்க இடமில்ல. போய் அருவியப் பாருங்க" என்றாள் மனைவி.

"குளிப்பாட்டறதப் பாக்கணுமே."

"நாளன்னைக்கும் குளிப்பா. நாளன்னைக்கும் குளிப்பா. உங்க பேத்திக்கு என்ன, நாளையோட குளியல் தீந்துடுமா?"

முதல் குளியல் ஒன்றுதானே? அதை யாரிடம் சொல்ல?

விடிந்தும் விடியாமல் டாக்ஸி வந்துவிட்டது. மச்சானைக் காணோம். தேடினால், குழந்தையின் அறையில் சுவரில் காதை ஒட்டிக்கொண்டு பல்லி மாதிரி நிற்கிறான்.

"மாமா, ராத்திரி பூரா திடுக்கு திடுக்குனு முழிச்சுக்கிட்டே இருந்தா. இப்பதான் கண்ண மூடினா. வெளிய போங்க மாமா" என்று மகள் கெஞ்சுகிறாள். வெளியே வந்தவன் டாக்ஸிக்குப் போகாமல் மறுபடி மொட்டைமாடிக்கு ஓடினான். டிரைவர் ஹார்ன் அடித்தான். நான் கத்தினேன். மூச்சு வாங்க இறங்கி வந்து ஏறிக்கொண்டான். போகிற வழியில் ஏதோ சொன்னான். எனக்கு இருந்த எரிச்சலில் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

விமான நிலையத்தில் சோதனை வாசலை இவன் தாண்டினான். கீ கீ என்று கத்தியது. பாக்கெட்டில் இருந்து ஒரு பழைய இரும்புக் கைப்பிடி வந்தது.

"என்ன சார் இது?" என்றார் அதிகாரி.

"கைப்பிடி."

"எதோட கைப்பிடி?"

"எங்க மாடியோடது."

"பிளேன்ல இது எதுக்கு?"

"பிளேனுக்கு இல்ல சார். இது என் பாக்கெட்டுக்கு."

அவர் இன்னொருத்தரைக் கூப்பிட்டார். அவர் அவருக்கும் பெரியவர் ஒருத்தரைக் கூப்பிட்டார். பெரியவர் கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிளம்பரா?" என்று கேட்டார். நல்லவேளை, விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவரோ தன் வீட்டு ஷவரில் தண்ணீர் ஒழுகுவதைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். இவனும், வாஷர் எப்போது மாற்றினீர்கள், குளிர்காலத்தில் அதிகமாக ஒழுகுகிறதா என்று நோயாளியை விசாரிக்கிற டாக்டர் மாதிரி விசாரிக்கிறான். அந்தப் பக்கம் எங்கள் கைடு பெண் சின்னக் கொடியை ஆட்டி ஆட்டிக் கை சோர்ந்துபோனாள்.

"அங்கிள், கதவ மூடப் போறாங்க! உங்களால எல்லாரும் நிக்கறாங்க அங்கிள்!"

நானா நிறுத்தினேன்? திட்டு மட்டும் எனக்கு.

கைப்பிடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எதற்காக அதைத் தூக்கிக்கொண்டு வந்தான் என்று நான் கேட்கவே இல்லை. அவன் பாக்கெட்டில் எப்போதும் ஏதாவது இரும்பு கிடக்கும். கேட்டிருந்தால் டாக்ஸியைத் திருப்பியிருக்கலாம்.

விமானத்தில் பக்கத்து சீட்டு அம்மாளுக்குப் பேத்தியின் போட்டோ காட்டினேன். நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தார்கள். ஏழாவது போட்டோவுக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டார்கள். மச்சான் மேகத்தைப் பார்க்கவில்லை. விமானத்தின் கழிவறைக்குப் போனவன் வெகுநேரம் கழித்து வந்து, "அத்தான், தண்ணி ஊத்தாமலே உறிஞ்சிடுது" என்றான். அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அருவி அதற்கப்புறம் என்ன செய்துவிட முடியும்?

இறங்கினதும் பஸ். பஸ்ஸில் கைடு மைக்கைப் பிடித்துக்கொண்டு, தனியாகப் போகக் கூடாது, தொப்பியைக் கழற்றக் கூடாது, சொன்ன நேரத்துக்குத் திரும்ப வேண்டும் என்று பாடம் நடத்தினாள். பள்ளிக்கூடத்தையே பாதியில் விட்டு ஓடினவன் நான். இந்த வயதில் மஞ்சள் தொப்பியோடு வரிசையில் நடந்தேன்.

அருவி இருக்கிற இடத்துக்கு முன்பே அதன் இரைச்சல் வந்துவிட்டது. எனக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். படி ஏறி வளைவில் திரும்பினால் அருவி என்று கைடு சொன்னாள். மச்சான் எனக்கு முன்னால் போய்விட்டான். வளைவு விளிம்பில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறான். கைடு ஓடி வந்து, இரைச்சலுக்கு மேல் கத்தி, "எப்படி இருக்கு அங்கிள்?" என்றாள்.

"ராத்திரில எப்பம்மா நிறுத்துவாங்க?"

"எத அங்கிள்?"

"இதத்தான்."

"அருவிய எப்படி அங்கிள் நிறுத்த முடியும்? ராத்திரி பகல் விழுந்துக்கிட்டேதான் இருக்கும்."

இவன் சுற்றுமுற்றும் பார்த்தான். மலைச்சரிவில் இருந்த நாலைந்து வீடுகளைக் காட்டி, "அப்ப அங்க இருக்கிற கைக்குழந்தைங்கள்லாம் எப்படித் தூங்கும்?" என்று கேட்டான். கைடு என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அந்த நேரத்தில்தான் என் போன் அடித்தது. நான் இன்னும் வளைவைத் தாண்டவில்லை. மனைவி பேசுகிறாள், ஆனால் இரைச்சலில் ஒரு எழுத்து விளங்கவில்லை. போனைக் காதில் அழுத்திக்கொண்டு வந்த படியிலேயே இறங்கி, பொம்மை விற்கிற கடைக்குப் பின்னால் போய் நின்றேன்.

"வீட்டுல சொட்டுத் தண்ணி இல்லீங்க! தொட்டி நிறைய இருக்குதாம், குழாய்ல வரல. வாட்ச்மேன் மேல போய்ப் பாத்தாரு, உங்க மச்சான் பெட்டியப் பூட்டி வச்சிருக்கான். நர்ஸம்மா வந்து உக்காந்திருக்காங்க. அவன்கிட்டக் குடுங்க!"

விமான நிலையம், கைப்பிடி எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. மேலே கையைக் காட்டி அவனைக் கூப்பிட்டேன். ஓடி வந்தான். போனில் அக்கா கத்துவதைக் கேட்டதும் அவன் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போனது.

"அக்கா... அது எங்கிட்ட இருக்குக்கா."

அடுத்து அவள் சொன்னதை எழுத முடியாது. பொம்மைக் கடைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"பூட்ட உடைச்சுக் கொறடு வச்சுத் திருப்பச் சொல்லட்டுமா?"

"வேணாம்க்கா! பழைய வால்வு. தண்டு உடைஞ்சா தொட்டித் தண்ணி மொத்தமும் கொட்டிடும்."

"அப்ப வேற பிளம்பரக் கூப்பிடறேன்."

இத்தனை நேரம் குறுகி நின்றவன் நிமிர்ந்துவிட்டான். "என் வால்வுல வேற ஆள் கை வைக்கறதா? அக்கா, நீயாக்கா இப்படிப் பேசற?"

அக்கா போனை வைத்துவிட்டாள். இவனோடு நான் போட்ட சண்டையில் அருவிக்கான நேரம் முடிந்துபோனது. கொடியைத் தூக்கிக்கொண்டு கைடு எதிரே வந்துவிட்டாள். அருவியை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். "பஸ் கிளம்புது அங்கிள், ஏற்கெனவே உங்களால லேட்டு" என்றாள். வாழ்க!

திரும்பும் விமானத்தில் ஏறினோம். அவன் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தபடி சீட்டு நுனியில் உட்கார்ந்திருந்தான். கொஞ்சம் விட்டால் விமானத்தையே அதை வைத்துத் திருப்பி வேகமாக ஓட்டியிருப்பான்.

வீட்டு வாசலில் எங்களுக்கு மேலும் கீழுமாக அதே குழாயில் தண்ணீர் வரும் வீடுகள் மொத்தமும் காலி வாளியோடு நின்றன. கீழ்க் குழாயில் பிடித்துச் சுமந்தே அன்றைய பொழுதைத் தள்ளியிருக்கிறார்கள். "வாய்யா வால்வு, அருவியக் கொஞ்சம் கொண்டு வந்தியா?" என்றார் மேல் வீட்டு டெய்லர். அவன் நிற்காமல் மாடிக்கு ஓடினான். சற்று நேரத்தில் குழாய்கள் எல்லாம் இருமி, துப்பி, பிறகு ஓடத் தொடங்கின.

உள்ளே போனால் நர்ஸம்மா தோளில் துண்டோடு உட்கார்ந்திருக்கிறார். காலையில் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போனவர், வேலை முடிந்து மறுபடி வந்திருக்கிறார். வாளியில் சுமந்த தண்ணீரில் குழந்தையைக் குளிப்பாட்ட மகள் சம்மதிக்கவில்லையாம்.

"அப்ப இன்னும் குளிக்கலயா?" என்று கேட்டேன்.

"இல்ல. வந்து நில்லுங்க, ஆனா குறுக்க வராதீங்க" என்றாள் மனைவி.

பார்த்தேன். நர்ஸம்மாவின் உள்ளங்கையில் தலை, வெதுவெதுப்பான தண்ணீரில் உடம்பு. என் பேத்தி அழவில்லை. நெற்றியைச் சுருக்கினாள், அதாவது என்னை மாதிரி. பிறகு ஒரு பெரிய கொட்டாவி விட்டு, காலை ஒரு உதை உதைத்தாள். என் சட்டை நனைந்தது. அருவிக்கே போயும் அன்று என் மேல் பட்ட தண்ணீர் அது ஒன்றுதான்.

மச்சான் அறைக்கு வெளியே நின்றான். மனைவி அவனை விடவில்லை. "எதுக்குடா மூடின? கேக்கறேன்ல, எதுக்கு மூடின?"

"சுவத்துக்குள்ள ஜாயிண்ட்ல சொட்டுதுக்கா. தொட்டில் பக்கத்துச் சுவரு. ஒவ்வொரு சொட்டுக்கும் புள்ள திடுக்குனு கைய விரிக்குது. சுவத்த உடைச்சுச் சரி பண்ண நேரமில்ல. அதான் மேல மூடினேன். உங்கிட்டச் சொல்லத்தான் வந்தேன், டாக்ஸிக்காரன் ஹார்ன் அடிச்சுட்டான்."

நாங்கள் யாரும் அந்தச் சொட்டைக் கேட்டதில்லை. என் காதை விடுங்கள், மற்றவர்களும் கேட்டதில்லை. மகள் குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டே, "ஆமாம்மா, இன்னைக்குத் துடைச்சு விட்டப்புறம் அவ மதியம் வரைக்கும் அசையல" என்றாள். மனைவி போய்ச் சுவரில் காதை வைத்துப் பார்த்தாள்.

அப்போதுதான், அன்று காலை டாக்ஸியில் நான் "ம்" என்று தள்ளிவிட்ட பேச்சு எனக்கு ஞாபகம் வந்தது. ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே காலையில் அவன் சொன்னது இதுதான்: "இன்னைக்குப் பாருங்க அத்தான், நம்ம புள்ள எப்படித் தூங்கப் போகுதுன்னு."