கயிறு வேண்டாத ஞாயிறு

சித்தியைவிட வயதில் மூத்தவர்கள்கூட அவளைச் சித்தி என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுடைய அக்கா பிள்ளைகள் இரட்டையர். இரண்டும் மாடியில் நின்று "சித்தீ" என்று ஒரே நேரத்தில் அலறினால் தெருமுனை வரை கேட்கும். கேட்டுக் கேட்டுத் தபால்காரருக்கு அவள் சித்தியானாள், பால்காரருக்குச் சித்தியானாள். கடைசியில், பேரன் பேத்தி எடுத்துவிட்ட ஒர்க்‌ஷாப் முதலாளியும் "சித்தி, அந்த வெள்ளைக் கார் முடிஞ்சுதா?" என்று ஆரம்பித்துவிட்டார்.

"அப்ப நான் உங்கள மகனேன்னு கூப்பிடவா?" என்று கேட்டாள்.

"கூப்பிடு. ஆனா வண்டிய முடிச்சுட்டுக் கூப்பிடு" என்றார் அவர்.

ஒர்க்‌ஷாப்பில் சித்திக்கு ஒரே ஒரு வேலைதான்: ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். கிளட்ச் மிதிக்கச் சோம்பல்படுகிறவர்களும், மிதித்து மிதித்து முழங்கால் போனவர்களும் ஓட்டும் கார்களின் வயிற்றில் ஒரு பெட்டி இருக்கும். அது தானாகவே கியரை மாற்றிக்கொள்ளும். மாற்றிக்கொள்ள மாட்டேன் என்று அடம்பிடித்தால் சித்தியின் மேஜைக்கு வரும். அவள் அதைப் பிரித்துப் போட்டுவிட்டு, டீ குடித்துக்கொண்டே திட்டுவாள். திட்டு வாங்கிய பெட்டி பெரும்பாலும் திருந்திவிடும்.

அவள் கணவர், அதாவது சித்தப்பா, பள்ளி வேன் ஓட்டினார். வாரநாட்களில் சைக்கிள்கள் அவரை முந்திக்கொண்டு போகும். வேனுக்குள் இருக்கும் பிள்ளைகள் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொள்ளும். அப்படிப்பட்ட மனிதர் ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ரேஸ் காரில் ஏறுவார் என்று சொன்னால் அந்தப் பிள்ளைகளில் ஒன்றுகூட நம்பாது.

ஊருக்கு வெளியே, விமானம் வராமல் போன ஒரு பழைய ஓடுதளத்தில் ரேஸ் நடக்கும். வளைவு கிடையாது, திருப்பம் கிடையாது. இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் நேராக ஓடும். யார் முதலில் கோட்டைத் தாண்டுகிறாரோ அவர் ஜெயித்தார். தும்மல் வருகிறவர்கள் முன்கூட்டியே தும்மிவிட்டு வரவேண்டும், இல்லாவிட்டால் பந்தயம் தவறிவிடும்.

கார் சித்தியின் அண்ணனுடையது. அவர் பேக்கரி வைத்திருந்தார். அதனால் ரேஸ் மைதானத்திலேயே ரொட்டி வாசனை அடிக்கும் ஒரே கார் அதுதான். என்ஜின் அருமையான என்ஜின். சித்தப்பாவின் காலும் நல்ல கால், விளக்கு எரிவதற்கும் அவர் மிதிப்பதற்கும் நடுவில் ஒரு எறும்புகூடப் போக முடியாது. சனியன் பிடித்தது கியர்பாக்ஸ் மட்டும்தான். அதைக் கட்டுவது சித்தி.

கார் கிளம்பும், சீறும், பாதி வழியில் "டங்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். என்ஜின் உறுமிக்கொண்டே இருக்கும், சக்கரம் சுற்றாது. சித்தப்பா என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்பார். சித்தியும் அண்ணனும் பேக்கரி வேனை எடுத்துக்கொண்டு போய்க் கயிறு கட்டி இழுத்து வருவார்கள். இது எத்தனையோ ஞாயிறுகளாக நடந்ததில் அவர்களுக்குக் 'கயிறு கம்பெனி' என்று பெயரே விழுந்துவிட்டது. அந்தப் பெயரை வைத்தது தங்கப்பல். பெரிய ஒர்க்‌ஷாப்காரர், ரேஸ் காருக்கென்றே ரெடிமேடாகக் கியர்பாக்ஸ் கட்டி விற்பவர். சிரித்தால் ஓரத்தில் பல் மின்னும், அதனால் அடிக்கடி சிரிப்பார்.

கடைசியாக இழுத்து வந்த ஞாயிறன்று அண்ணன் வீடு வரை கூடவே வந்தார். வாசலில் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்.

"பாப்பா, கோவிச்சுக்காத. இன்னும் ஒரு ரேஸ் பாப்போம். அன்னிக்கும் இந்தக் கயிறு வெளிய வந்துச்சுன்னா, நான் தங்கப்பல்கிட்டயே பாக்ஸ் வாங்கிடறேன்."

"வாங்கு. பல்லையும் சேத்து வாங்கு" என்றாள் சித்தி.

வாய் அப்படிச் சொன்னதே தவிர, அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஊரில் இருக்கிற முழங்கால் வலிக்காரர்கள் எல்லோருடைய காரும் அவள் கையால் ஓடுகிறது. சொந்த அண்ணன் கார், சொந்தப் புருஷன் உள்ளே உட்கார்ந்திருக்கிற கார், பாதி வழி தாண்டவில்லை. அதைப் போய் இன்னொருவன் பெட்டி தாண்ட வைத்தால், பிறகு அந்த மைதானத்தில் அவள் யார்? சாப்பாட்டுக் கூடையைத் தூக்குகிறவள்.

சமையலறை ஜன்னல் திட்டில் உடைந்த உறுப்புகளை எல்லாம் வரிசையாக வைத்திருந்தாள். முதலில் போன ஷாஃப்ட், அதாவது சுழல்தண்டு, பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டு கிடந்தது. அது போனதும் கெட்டியான ஷாஃப்ட் போட்டார்கள். அடுத்த ரேஸில் அந்த ஷாஃப்ட் சிரித்துக்கொண்டிருக்க, அது பிடித்துச் சுற்றுகிற அலுமினிய டிரம் வெடித்தது. இரும்பு டிரம் போட்டார்கள். அடுத்ததாக, ஒரு பக்கம் மட்டும் சுற்றவிட்டு மறுபக்கம் பிடித்துக்கொள்ளும் வளையம் சிதறியது, பெட்டிக்குள் ஒன்றையொன்று பிடிக்கும் கிளட்ச் தட்டுகளும் வளைந்துபோயின. சித்தப்பா பாத்திரம் கழுவும்போது அவற்றையும் சேர்த்துத் துடைத்து வைப்பார். யாரும் சொல்லவில்லை, அவராகவே செய்வார்.

மறுநாள் காலை அவர் துடைத்துவிட்டு வரிசை மாற்றி வைத்துவிட்டார். சித்தி திட்ட வாயெடுத்தவள் அப்படியே நின்றாள்.

"ஏங்க, இப்படியா இருந்துச்சு?"

"இல்லம்மா. நீ எது முதல்ல உடைஞ்சுதோ அத முதல்ல வச்சிருந்த. நான் உயரத்துக்குத் தக்கபடி வச்சேன். பாக்க நல்லா இருக்கட்டும்னு."

சித்தி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உடைந்த வரிசையும் தப்பு, உயர வரிசையும் தப்பு. என்ஜினிலிருந்து கிளம்புகிற அடி எந்த வழியாகச் சக்கரத்துக்குப் போகிறதோ, அந்த வரிசையில் வைத்தாள். ஷாஃப்ட், டிரம், கிளட்ச் தட்டுகள், வளையம். வைத்துவிட்டுப் பார்த்தபோது அவளுக்குத் தன் குடும்பமே ஞாபகம் வந்தது. அப்பா அம்மாவைத் திட்டுவார், அம்மா அண்ணனைத் திட்டுவாள், அண்ணன் இவளை அடிப்பான், இவள் பூனையை விரட்டுவாள். அம்மா ஒருநாள் கல்லாக நின்றுவிட்டால் அடி ஒன்றும் கரைந்துபோகாது, சேதாரம் இல்லாமல் முழுசாக அடுத்த ஆளுக்குப் போகும். இத்தனை நாளும் அவள் உடைந்த ஆளையே குற்றவாளி என்று நினைத்து, அந்த ஒரு ஆளை மட்டும் பயில்வானாக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற நோஞ்சான் அடுத்த ஞாயிறு செத்தான்.

"இந்தத் தடவ ஒண்ண மட்டும் மாத்தறதில்ல. மொத்தக் குடும்பத்தையும் மாத்தறோம்" என்றாள்.

"என்னையும் சேத்தா?" என்றார் சித்தப்பா.

"உங்களத்தான் மொதல்ல மாத்தணும். நேரமில்ல."

பார்ட்ஸ் கடைக்கு அண்ணனும் கூட வந்தார். கடைக்காரர் இரண்டு ஷாஃப்டுகளை எடுத்து வைத்தார். ஒன்று கண்ணாடி மாதிரி பளபளத்தது. இன்னொன்று மங்கல், யாரோ சாம்பலில் புரட்டியது போல. அண்ணன் பளபளப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார், குழந்தை பிறந்த வீட்டில் தூக்குவதுபோல. சித்தி இரண்டிலும் கட்டைவிரல் நகத்தை ஓட்டினாள். பருமன் குறைகிற இடத்தில், பளபளப்பில் நகம் சட்டென்று தட்டி நின்றது. மங்கலில் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"அது வேணாம்ணே. கீழ வை."

"ஏன், எவ்வளவு அழகா இருக்கு!"

"தோள்பட்ட கூரா இருக்கு பாரு. அடி வந்தா நேரா அந்த மூலைலதான் போய் உக்காரும். அங்கதான் கீறல் விடும். நம்ம ஜன்னல்ல கெடக்கே, அதுவும் அதே எடத்துலதான் போச்சு. இது உருண்டையா இருக்கு, அடி நிக்க எடமே கெடைக்காது."

அண்ணன் குழந்தையைக் கீழே வைத்தார்.

கிளட்ச் தட்டில்தான் சண்டை வந்தது. அடுக்கடுக்காக மெல்லிய தட்டுகள் கொண்ட ஒரு செட், அதைவிடக் குறைவாகத் தடித்த தட்டுகள் கொண்ட இன்னொரு செட். தங்கப்பல் நிறையத் தட்டுதான் போடுகிறார் என்று அண்ணன் அடித்துச் சொன்னார். நிறைய இருந்தால் பிடிப்பும் நிறைய, அதில் பொய் இல்லை என்று கடைக்காரரும் சொன்னார். சித்தி மெல்லிய தட்டு ஒன்றை எடுத்து விரலால் சுண்டினாள்.

"அண்ணே, நீ பேக்கரில மெல்லிசுத் தகரத்த அடுப்புல வச்சா என்ன ஆகும்?"

"வளஞ்சுக்கும்."

"தடிச்ச தகரம்?"

அண்ணன் தடித்த செட்டைத் தானே எடுத்துக் கூடையில் போட்டார். அவர் தோற்றுப்போகும்போது எப்போதும் காரியத்தில்தான் ஒப்புக்கொள்வார், வாயால் அல்ல. வளையம் வாங்கும்போது மட்டும் எதுவும் கேட்காமல் அகலமானதாகப் பார்த்து எடுத்து, "இதுதான?" என்று தங்கையின் முகத்தைப் பார்த்தார். அதேதான்.

தட்டுகளை ஆயிலில் ஊறப் போட்டு, வாரம் முழுக்க வேலை முடிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்டியைக் கட்டினாள். மூடுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. ஆயில் போகிற துளையில் காற்றை அழுத்தி ஊதினால், உள்ளே தட்டுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் சத்தம் கேட்கவேண்டும். "டப்" என்று ஒரே சத்தம். "உஸ்" என்று இழுத்தால் எங்கோ கசிகிறது, திரும்பப் பிரிக்கவேண்டும். சித்தி காற்றுக்குழாயைப் பிடித்தாள். சித்தப்பா பெட்டியில் காதை வைத்துக்கொண்டார்.

டப்.

"இன்னொரு வாட்டி" என்றார் அவர்.

"எதுக்கு? சரியாத்தான இருக்கு."

"நல்லா இருக்கும்மா, கேக்க. அதுக்குத்தான்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் இன்னொரு முறை ஊதினாள்.

ஞாயிறு வந்தது. தங்கப்பல் தன் கூடாரத்திலிருந்து ஒரு புதுக் கயிற்றுச் சுருளைக் கொண்டுவந்து, மேலே சிவப்பு ரிப்பன் கட்டி, அண்ணன் கையில் கொடுத்தார். "பழசு நைஞ்சிருக்கும்ல?" என்றார். பல் மின்னியது. சித்தி அதை வாங்கிப் பழைய கயிற்றுக்குப் பக்கத்தில் வேனுக்குள் வைத்தாள். "ரொம்ப நன்றிங்க, துணி காயப்போட எடமில்லாம இருந்துச்சு" என்றாள்.

முதல் ஓட்டத்தில் எதிராளி சக்கரம் வழுக்கிப் பின்தங்கினான். அடுத்ததில் எதிராளி பச்சைக்கு முன்பே பாய்ந்து அவனாகவே வெளியே போனான். இரண்டு முறையும் சித்தப்பா ஓடுதளத்தின் கடைசியில் காரை நிறுத்த, அங்கே நின்ற மைதான ஊழியர் "போ, போ, நிக்காத" என்று கொடியால் விரட்டியடித்தார். அதனால் கார் தன் காலிலேயே திரும்பி வந்தது. ஆனாலும் அண்ணன் முகம் தெளியவில்லை. எதிராளி தடுமாறியதால் ஜெயித்ததெல்லாம் பெட்டிக்குப் பரீட்சையா என்று அவருக்குச் சந்தேகம். அதே சந்தேகம் சித்திக்கும் இருந்தது.

இறுதி ஓட்டத்தில் பக்கத்தில் வந்து நின்றது தங்கப்பலின் கார், உள்ளே அவருடைய ஆள்.

சித்தி காரைப் பார்க்கவில்லை. திரும்பி நின்று கண்ணை மூடிக்கொண்டாள். கியர்பாக்ஸ் கட்டுகிறவளுக்குக் கண் எதற்கு? பச்சை எரிந்தது என்று கூட்டத்தின் கத்தலில் தெரிந்தது. இரண்டு என்ஜினும் சேர்ந்து பூமியை உலுக்கின. அந்த முதல் அடிதான் எல்லாவற்றையும் கொல்கிற அடி. அவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள், தன்மேலேயே விழப்போவதுபோல. 'டங்' வரவில்லை. ஒரு கியர் மாறியது. சத்தம் இறங்கி மறுபடி ஏறியது. பாதி வழி. இங்கேதான் எப்போதும். இன்னொரு கியர் மாறியது, வெண்ணெயில் கத்தி போல.

"பாப்பா! பாப்பா! நம்ம விளக்கு! நம்ம பக்க விளக்கு!" அண்ணன் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்.

அவள் கண்ணைத் திறந்தாள். அவர்கள் பக்கத்துப் பலகையில் ஜெயித்தவருக்கான விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆனால் ஓடுதளத்தின் கோடியில் கார் நின்றுவிட்டிருந்தது. தங்கப்பலின் கார் திரும்பி வந்துகொண்டிருந்தது. இவர்களுடையது வரவில்லை. என்ஜின் சத்தமும் இல்லை. சித்தப்பா இறங்கி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

தங்கப்பல் மெதுவாக நடந்து வந்தார். "ஜெயிச்சீங்க, இல்லன்னு சொல்லல. ஆனா கோட்டத் தாண்டிப் படுத்துடுச்சு போல. கயிறு வேணும்ல?"

அண்ணன் வேனின் கதவைத் திறந்தார். கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அவர் கண் தங்கையைப் பார்க்கவில்லை.

அண்ணன் கோடி வரை வேனை விரட்டினார். வேன் நிற்பதற்குள் சித்தி குதித்து ஓடிப்போய்த் தரையில் மல்லாக்கப் படுத்து அடியில் பார்த்தாள். ஒரு சொட்டு ஆயில் இல்லை. எழுந்து, உள்ளே கையை விட்டு என்ஜினைப் போட்டாள். சீறியது. ஆயில் பார்க்கும் கம்பியை உருவிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். சிவப்பு, சுத்தச் சிவப்பு. முகர்ந்தாள். கருகல் வாசனை இல்லை.

"என்னங்க ஆச்சு?"

"என்ன ஆச்சு?" என்று அவரும் கேட்டார்.

"ஏன் நிறுத்துனீங்க? எது போச்சு?"

"எதுவும் போகலையே."

"அப்புறம் எதுக்கு இறங்கி நிக்கறீங்க?"

சித்தப்பா காரைப் பார்த்தார், வேனைப் பார்த்தார், அண்ணன் தோளில் கிடந்த கயிற்றைப் பார்த்தார். பள்ளிப் பிள்ளையை வேனில் ஏற்ற மறந்துவிட்டவர் மாதிரி முகம் மாறியது.

"கயித்துக்குத்தான். எப்பவும் அப்படித்தான நிப்பேன்? காலைல அந்தக் கொடிக்காரர் வெரட்டுனாரு, போயிட்டேன். இப்ப அவர் சாப்பிடப் போயிட்டாரு போல."

அண்ணனுக்கு முதலில் இருமல் வந்தது. பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து, கயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார். "மாப்ள, நீ என் உயிர எடுத்துட்டய்யா!"

சித்தி சிரிக்கவில்லை. முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள், மூக்கை மட்டும்தானா என்று யாரும் கவனிக்கவில்லை.

"ஹெல்மெட்டக் குடுங்க."

"எதுக்கு?"

"நான் ஓட்டிட்டு வரேன்."

"அப்ப நான்?"

"அண்ணனோட வேன்ல வாங்க. மெதுவா ஓட்டறதுதான் உங்களுக்குப் பழக்கமாச்சே."

ஹெல்மெட் அவளுக்குப் பெரிது, மூக்கு வரை இறங்கியது. நிமிர்த்திவிட்டு உட்கார்ந்தாள். அந்த இருக்கையில் அவள் உட்கார்ந்ததே இல்லை, அதன் அடியில் படுத்துத்தான் பழக்கம். பின்கியரில் போட்டாள், கார் பவ்யமாகப் பின்னால் போனது. முன்கியரில் போட்டாள், முன்னால் வந்தது. வேண்டுமென்றே இன்னொரு தரம் செய்து பார்த்தாள். கேட்க நன்றாக இருந்தது.

திரும்பும் பாதை கூடாரங்களுக்கு நடுவே போகும். ஆட்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். தங்கப்பல் கூடாரத்துக்கு எதிரே அவள் காரை நிறுத்தினாள்.

"ஷாஃப்ட் எந்தக் கம்பெனி?" என்றார் அவர். இந்த முறை பல் மின்னவில்லை, ஆனால் நிஜமாகவே கேட்டார்.

"கம்பெனிய விடுங்க. தோள்பட்ட உருண்டையா இருக்கான்னு நகத்த வச்சுப் பாத்து வாங்குங்க" என்று அவளும் நிஜமாகவே சொன்னாள். "உங்க கயிறு வேன்ல இருக்கு. ரிப்பன்கூடப் பிரிக்கல."

பிறகு கிளம்பினாள். சீறிக்கொண்டு போவாள் என்று எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். அவளோ நடக்கிற வேகத்தில் போனாள். பாதை சீக்கிரம் தீர்ந்துவிடக்கூடாதே. பின்னால் வேனிலிருந்து சித்தப்பா ஹார்னை அடித்தார், மறுபடியும் அடித்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் அவசரப்பட்டார்.

சித்தி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, கொஞ்சம் பொறுங்க என்று காட்டினாள்.