சினைமாட்டை ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனோம்

பெரம்பலூரில் பஸ் ஏறும்போதே தூறல். உறவுக்காரர் கல்யாணத்துக்கு வந்தவள், சென்னைக்குத் திரும்பாமல் என் கல்லூரித் தோழி ஸ்டெல்லாவைப் பார்க்க ஏலாக்குறிச்சிக்குக் கிளம்பினேன். புயல் வருகிறது, மதியத்துக்குமேல் யாரும் பயணம் போகவேண்டாம் என்று காலையிலிருந்தே டி.வி.யில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பது என் கணக்கு.

அரியலூர் சுமார் முப்பது கிலோமீட்டர். சிமெண்ட் லாரிகள் கிளப்பிவிட்ட வெள்ளைத் தூசி, சாலையோரச் செடிகளிலிருந்து மழையில் பாலாக வழிந்தது. ஹாஸ்டல் நாட்களில், லீவு விட்டால் இதே சாலையில்தான் அவள் ஊருக்குப் போவோம். ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை நடக்கும். ஹாஸ்டலில் மழை வந்தால் மொட்டைமாடிக்கு ஓடுவோம். மின்னல் வெட்ட வெட்ட, கைகோத்துக்கொண்டு சிரிப்போம். எப்படித்தான் தப்பித்தோமோ!

அரியலூரில் பஸ் மாறினேன். கண்டக்டர் என் பையைப் பார்த்தார்.

"இதாங்க கடைசி நடை. திரும்புறதுக்கு பஸ் கெடையாது. அங்க தங்க எடம் இருக்குல்ல?"

"தோழி வீடு இருக்குங்க."

திருமானூர் தாண்டியதும் காற்று பலத்தது. ஏலாக்குறிச்சியில் இறங்கினால், காற்றில் மடங்கிப்போன குடையோடு ஸ்டெல்லா நின்றிருந்தாள். தலையில் நரை, சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு.

"பைத்தியமாடி நீ? இந்தக் காத்துல யாராச்சும் வருவாங்களா?" என்று திட்டிக்கொண்டே கட்டிப்பிடித்தாள்.

கொள்ளிடம் பக்கம் சரிந்து இறங்கும் கீழத்தெருவில் அவளுடைய ஓட்டு வீடு. பக்கத்தில் புளியமரம், அதன் அடியில் மாட்டுக்கொட்டகை. கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இருவர் போனும் ஒரே நேரத்தில் அலறின. புயல் எச்சரிக்கை. கொஞ்ச நேரத்தில் மைக் கட்டிய ஆட்டோ தெருவுக்குள் வந்தது.

"கீழத்தெரு சனங்கல்லாம் பொழுது சாயறதுக்குள்ள பள்ளிக்கூடத்துக்கு வந்துருங்க. ஓட்டு வூட்ல யாரும் தங்காதீங்க. மரத்தடியில நிக்காதீங்க."

ஸ்டெல்லா ரேஷன் கார்டையும் மாத்திரைகளையும் பிளாஸ்டிக் பையில் கட்டினாள். அவள் கணவர் சவரிமுத்து அசையவில்லை. மாடு நிறைசினை, இன்றோ நாளையோ ஈன்றுவிடும்.

"நீங்க ரெண்டு பேரும் போங்க. இத வுட்டுட்டு நா எங்கயும் வரல. எத்தன காத்த பாத்துருக்கோம்."

"நீங்க வரலன்னா நானும் போகல. அப்பறம் இவளும் இங்கதான் கெடக்கணும்" என்றாள் ஸ்டெல்லா. அவர் என்னைப் பார்த்தார்.

சட்டென்று அவளே கொட்டகைக்குப் போய் மாட்டைக் கட்டவிழ்த்தாள். "இதயும் ஓட்டிக்கிட்டுப் போவோம். யாரு என்ன சொல்றாங்கன்னு பாக்குறேன்."

அவர் கயிற்றை வாங்கிக்கொண்டார். மழை ஊசியாகக் குத்தியது. மரங்களையும் மின்கம்பிகளையும் விட்டு விலகி, வயிறு கனத்த மாடு வைத்ததே நடையாகப் போனோம். ஒவ்வொரு இடிக்கும் ஸ்டெல்லாவின் விரல்கள் என் கையை இறுக்கின. ஒருகாலத்தில் நாங்கள் கேட்டுச் சிரித்த இடி. இப்போது இருவருமே சிரிக்கவில்லை.

பள்ளிக்கூட வாசலில் காவலாளி, "மாடெல்லாம் உள்ள வுடமுடியாதுங்க" என்று தடுத்தார். அங்கிருந்த பெண் வி.ஏ.ஓ., "அந்த சைக்கிள் ஷெட்ல கட்டட்டும், வுடுங்க. மனுஷங்க வந்து சேந்தாங்கள்ல, அதான் வேணும்" என்று சொல்லிவிட்டார்.

இருட்டியதும் காற்று ஊரைப் பிடித்து உலுக்கியது. வகுப்பறையில் கீழத்தெரு முழுவதும் தோளோடு தோள் நெருக்கி உட்கார்ந்திருந்தது. யாரோ ஒரு அம்மா எனக்குப் போர்வை கொடுத்தார்.

விடியலில் காற்று அடங்கியது. சைக்கிள் ஷெட்டில் ஈரம் காயாத கன்று ஒன்று எழுந்து நிற்கப் பார்த்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் பிள்ளைகள் கூட்டம். அறுந்த கம்பிகளை மின்வாரிய ஆட்கள் அகற்றிய பிறகே எங்களை வீட்டுக்குப் போக விட்டார்கள். புளியமரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. அதன் அடியில் கொட்டகையும், பாதி வீடும். சவரிமுத்து ஸ்டெல்லாவின் தோளில் கை வைத்து, "வா, மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்றார்.

ஓடு மாற்ற மேலத்தெருக்காரர்கள் ஏணியோடு வந்தார்கள். பஸ் ஓடத் தொடங்கிய பிறகு கிளம்பினேன். "அடுத்த தடவ வெயில்ல வாடி" என்றாள் ஸ்டெல்லா.

சென்னையில் எங்கள் அடுக்குமாடியில் மழை வலுத்தால் அவரவர் கதவைச் சாத்திக்கொள்வோம். எதிர்வீட்டில் ஒரு பெரியவர் தனியாக இருக்கிறார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஊர் திரும்பியதும், பையை இறக்கி வைக்குமுன் அந்தக் கதவைத் தட்டினேன்.