கதவைத் திறக்காத கார்

பத்திரப் பதிவு அலுவலக வாசலில், கொடி கட்டிய வெள்ளைக் காருக்கு வெளியே ஒரு கரைவேட்டிக்காரர் ரிமோட்டை அமுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஓர் ஏப்பம். பின்சீட்டில் ஒரு கிழவி வியர்வையில் நனைந்து கண்ணாடியைத் தட்டினாள். குத்தகை நிலத்தை விட்டுக்கொடுக்கக் கைநாட்டு வைப்பதற்காக அவளைக் கூட்டிவந்திருந்தார்.

"ரிமோட்டு செத்துடுச்சு சார்" என்றார், அவ்வழியாக வந்த என்னிடம்.

"சாவியால திறங்க."

திறந்து, உள்ளே பொத்தானை அமுக்கினார். எல்லாக் கதவுகளின் பூட்டும் விடுபட்டது. ஆனாலும் கிழவி இழுத்த கதவு அசையவில்லை. கோளாறை வரிசைப்படி சோதிப்பது என் வழக்கம். வெளியிலிருந்து இழுத்தேன், உடனே திறந்தது. குழந்தைகள் உள்ளிருந்து திறந்துவிடாமலிருக்கக் கதவு விளிம்பில் வைத்திருக்கும் பூட்டைப் போட்டிருந்தார்.

"வீட்டுல சின்னப் புள்ளைங்களா?"

"நீங்க வேற! இதுங்க பாதி வழியில மனசு மாறி இறங்கிடும் சார்."

கிழவிக்குக் காது நன்றாகவே கேட்டது. இறங்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"வாங்க ஆத்தா, உள்ள போவோம்."

"ஆட்டையாடா பூட்டிக் கொண்டாந்த? நெலமும் கிடையாது, கைநாட்டும் கிடையாது, போடா!"

நாகூர் பஸ்ஸை நோக்கி நடந்தாள்.

"பாத்தீங்களா சார்? இதுக்குத்தான் அந்தப் பூட்டு" என்றார் அவர்.

அந்த முகத்தில் வெட்கத்தைத் தேடினேன். ஏமாற்றப்பட்ட நல்லவனின் வருத்தம்தான் இருந்தது.