மீட்டா துடைக்காத பலகை

மீட்டா லிங்க்ஸ் அம்மாவை நான் முதன்முதலில் பார்த்தபோது, கமீஸ்பெர்க் மலைப் பூங்காவின் வாசலில் ஒரு தகவல் பலகையின் மேல் சேற்றை அப்பிக்கொண்டிருந்தார். பலகைகளைத் துடைப்பதுதான் அவருடைய வேலையே. பதினோரு வருடமாகத் துடைக்கிறார். மற்ற பலகைகளெல்லாம் பளிச்சென்று இருந்தன.

"பெயரில்லாமல் கிடந்த இந்த விலங்குக்கு, கப்பலில் வந்த டச்சுக்காரர்கள் தங்கள் ஊர் வளைக்கரடியின் பெயரைச் சூட்டினார்கள். அதுவே டாஸி ஆனது" என்றது புதிதாக நட்ட அந்தப் பலகை. பட்டம் வாங்கிய நாலு பேர் கூடி எழுதியது. டாஸி, பாறை இடுக்குகளில் வாழும் முயலளவுப் பிராணி. அந்தப் பெயரோடு மீட்டாவுக்குச் சண்டையில்லை. ஊரே அப்படித்தான் சொல்கிறது, அவரும்தான். முதல் வார்த்தைதான் நெஞ்சில் குத்தியது. பெயரில்லாமலா? அப்படியானால் டச்சுக்காரர்களுக்கு முன்பே அந்த மலையில் புழங்கிய நாமா மொழியில், நாக்கைச் சொடுக்கி அவருடைய அம்மா சொன்னது என்ன? டாஸிகளின் மூத்திரம் பாறையில் உறைந்த கரும்பிசினைச் சுரண்டி, பிள்ளை பெற்றவளுக்குக் கரைத்துக் கொடுத்தார்களே, எதன் பெயரைச் சொல்லிக் கொடுத்தார்கள்? வளைக்கரடிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. யானைதான் அதற்குச் சொந்தம் என்று அதே பலகையின் அடியிலேயே போட்டிருக்கிறது!

மேலாளர் ஃபூரிக்கு அவருடைய மகன் வயதுதான். ஆனாலும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான்.

"மீட்டா, திரும்பவும் சேறா?"

"மழை தெறிச்சிருக்கும் சார்."

"எட்டு மாசமா மழையே இல்ல."

"அப்ப டாஸிக்கே புடிக்கலையோ என்னவோ."

வாசல் காவலாளி கூஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான்.

ஃபூரி சிரிக்கவில்லை. "உன் பாஷையில பேரு இருந்துச்சுன்னா எழுத்துல ஆதாரம் கொண்டா. மாத்திடறேன்."

மீட்டா உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "அந்தப் பேரைச் சொன்னதுக்கு மிஷன் பள்ளிக்கூடத்துல உள்ளங்கை வீங்க அடி வாங்குனவ நான். வாயத் தெறக்கவே விடல. இப்ப எழுதுனது எங்கேன்னு கேக்குறீங்களே, வெக்கமா இல்ல?"

"பலகையைத் துடை. இல்லன்னா சாவியைக் குடுத்துட்டுப் போயிடு."

வீட்டில் ஆறு வயிறு, சம்பளம் அவருடையது ஒன்றுதான். அதை அவர் நினைக்காமல் இல்லை. துணி கிடந்த வாளியை ஃபூரியின் காலடிக்குத் தள்ளி வைத்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றி ஃபூரியின் கையில் வைத்தார்.

"அழுத்தித் தேய்ங்க சார். காஞ்ச சேறு லேசுல போகாது."

பலகையில் இன்றுவரை ஓர் எழுத்தும் மாறவில்லை. மீட்டா இப்போது லிலிஃபோன்டைன் கிராமத்தில் தம்பியின் ஆடுகளை மேய்க்கிறார். முதியோர் உதவித்தொகை கிடைக்க அவருக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது.