அத்தையின் புடவைக் கரையில் ஒரு துப்பாக்கி

போன மாதம் சென்னையில் ஓர் அருங்காட்சியகத்தில், கண்ணாடிக்குப் பின்னால் படுத்திருந்த பழைய குதிரைப்படைக் கைத்துப்பாக்கி ஒன்றைக் குனிந்து பார்த்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. அதன் இரும்புத் தகட்டில் கட்டைவிரல் நகத்தளவுக்கு ஓர் இதயம். உள்ளே நான்கு அறைகள், அறைக்கு ஓர் எழுத்து. கும்பெனிக்காரர்கள் தங்கள் படையாட்களுக்குக் கொடுத்த துப்பாக்கி என்பதற்கான முத்திரை அது என்று அட்டையில் போட்டிருந்தது. "இந்தப் புட்டா எங்க அத்தை புடவையில இருக்குதே!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். காவலாளி என் கைப்பையை ஒருமுறை பார்த்தார்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு துப்பாக்கி இருந்தது. பெரியப்பா நெய்வார், அப்பா கிராப் தாளில் டிசைன் போடுவார், துப்பாக்கி இருவருக்கும் பொது. அதன் குழலில் யாரோ எப்போதோ ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி அடைத்திருந்தார்கள். வருடம் முழுக்க ஒரு பட்டுத் துணிக்குள் தூங்கிவிட்டு, ஆயுத பூஜையன்று மட்டும் தறியில் ஓடும் நாடா, கத்தரிக்கோல், மொபெட் சாவி இவற்றோடு வரிசையில் வந்து படுக்கும்.

தாமல் ஏரிக்கரையில் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்காரத் துரையிடமிருந்து தாத்தாவுக்குத் தாத்தா பிடுங்கியது அது என்று பெரியப்பா வருடா வருடம் சொல்வார். ஒவ்வொரு வருடமும் ஏரி கொஞ்சம் பெரிதாகும், குதிரை இன்னும் வெளுக்கும். அந்தக் குதிரை என் கனவில் வரும். தறிச் சத்தத்துக்குக் காலெடுத்து வைக்கும். தண்ணீரில் அதன் முகம் பட்டு இழைகளாகக் கலைந்து, மறுபடி கூடும்.

எனக்குப் பத்து வயதானபோது, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் உள்ளே தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று டீக்கடையில் யாரோ பெரியப்பாவைப் பயமுறுத்திவிட்டார்கள். பூஜைக்கு மறுநாள் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடுவது என்று முடிவாயிற்று. எனக்கு இருந்தது ஒரே நாள். துரையின் பேர் அதில் எங்காவது இருந்தே ஆக வேண்டும். என் டிபன் டப்பாவிலேயே என் பேர் வெட்டியிருந்ததே!

பூஜை முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் துப்பாக்கியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். பேரைக் காணோம். பார்க்காத இடம் சந்தனத்துக்கு அடியில் மட்டும்தான். மற்ற சாமான்களுக்கெல்லாம் பொட்டளவு சந்தனம் வைக்கும் பெரியப்பா, துப்பாக்கிக்கு மட்டும் வடை தட்டுவதுபோல அப்புவார், அதுவும் வருடந்தோறும் ஒரே இடத்தில். பக்தி என்று நினைத்திருந்தேன்.

பாவாடை நுனியை நனைத்து அதைத் துடைத்தேன். அப்பாவின் கிராப் தாளை அந்த இடத்தில் வைத்து, பள்ளியில் நாணயத்தின் மேல் தேய்ப்பதுபோலப் பென்சிலால் தேய்த்தேன். மூடுபனியிலிருந்து நிலா வருவதுபோல ஓர் இதயம் வந்தது. நான்கு அறைகள், நான்கு எழுத்துகள், கீழே தேய்ந்துபோன சில கீறல்கள்.

"இன்னா பண்ணிக்கினு இருக்குற?" பெரியப்பா பின்னால் நின்றிருந்தார்.

"துரை பேரு தேடறேன் பெரியப்பா."

"இன்னிக்கி சரஸ்வதி பூஜை. எதுவும் படிக்கக் கூடாதுன்னு தெரியாது?"

"படிக்கல பெரியப்பா. தேச்சேன், அதுவா வந்துச்சு."

அத்தை சிரித்துவிட்டாள். "அப்படியே உன் வாய்தாண்ணா இதுக்கு!"

பெரியப்பா சிரிக்கவில்லை. சந்தனக் கிண்ணத்தை எடுத்து அதே இடத்தில் மறுபடியும் அப்பினார். "அது பேரு ஒண்ணும் இல்ல. போய்ப் பொரி துன்னு, போ."

பார்க்காமலே அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் துப்பாக்கி மொபெட்டில் ஏறிப் போனது. அதற்குப் பிறகு ஏரிக்கதையை அவர் சொல்லவே இல்லை.

தாள் மட்டும் அப்பாவின் மேசையில் கிடந்தது. "யாரும்மா போட்டது? ஷோக்கா இருக்குதே!" என்று அதைப் புட்டாவாக மாற்ற உட்கார்ந்துவிட்டார். எழுத்து சரஸ்வதி, புடவைக் கரையோ காலில் படுவது. அதனால் நான்கு எழுத்துகளையும் எடுத்துவிட்டு நான்கு முல்லை மொட்டுகளை வைத்தார். அடியில் இருந்த கீறல்கள் அவர் கண்ணுக்கு எழுத்தாகத் தெரியவில்லை. பூவுக்குத் தண்டு என்று அப்படியே விட்டுவிட்டார். அத்தை தன் மகளின் நிச்சயதார்த்தத்துக்குக் கட்டிக்கொள்ள அந்தப் புடவையை நெய்தவர் பெரியப்பாதான். ஒவ்வோர் இதயம் முடிந்ததும் தறியை நிறுத்திப் பெருமூச்சு விடுவார். கை வலிக்கிறது போலும் என்று நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்தத் துப்பாக்கி தாத்தாவுக்குத் தாத்தா பிடுங்கியதா, கும்பெனிக்குச் சேவகம் செய்து வாங்கியதா? முத்திரை மட்டும் அதைச் சொல்லாது. அந்தத் தண்டுகள் படையின் எண்ணாக இருந்தால் சொல்லக்கூடும். எண் கிடைத்தால் அந்தப் படையின் ஆள் பட்டியலைத் தேடி, எங்கள் ஊர்க்காரர் யாராவது அதில் இருக்கிறாரா என்று பார்க்கலாம். பென்சில் தாள் எப்போதோ தொலைந்துவிட்டது. மிச்சம் இருப்பது புடவைதான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்து தருவதாக அத்தை சொல்லியிருக்கிறாள். பூதக்கண்ணாடி வாங்கிவிட்டேன். பெரியப்பா பக்கத்தில் இல்லாமல் அந்தக் கரையைப் படிக்க எனக்கு மனமில்லை. நேற்று போனில் கூப்பிட்டேன். தறியை நிறுத்தினார். பிறகு, "வர்றேம்மா" என்றார். சந்தனக் கிண்ணத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவதாகத்தான் இன்னும் சொல்லவில்லை.