பிடித்ததை வாசித்தவர்கள் விட்டதை வாசிக்கவில்லை

அது 2006 என்று நினைக்கிறேன். ஒஸ்லோவில் மார்ச் மாதம். ஹவுகெட்டோ ஸ்டேஷனிலிருந்து எங்கள் அடுக்குமாடிக்கு வரும் பாதையில் பனி பகலில் கரைந்து, பிறகு உறைந்து, கால் வைத்தாலே வழுக்கும் காலம். அமெரிக்காவில் இருந்த என் தம்பிக்கு இங்கே ட்வெய்ட்டாவில் ஒரு பெண்ணைப் பேசி முடித்திருந்தோம். பெண் மருந்துக்கடையில் வேலை செய்தாள். இருவரும் மாதக்கணக்காகத் தொலைபேசியில் கதைத்து, பிடித்துப்போய்ச் சம்மதித்த கல்யாணம். கோடையில் ஒஸ்லோவிலேயே செய்வதென்று மண்டபமும் எடுத்தாகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை பெண்ணின் அப்பாவும் பெரிய மாமாவும் வரப்போவதாகச் சொன்னார்கள். சாப்பாட்டு விஷயம் கதைக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்து வடை சுட்டு வைத்திருந்தேன். அப்பா மெதுவான மனிதர். சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து என் முகத்தைப் பார்க்காமலே உட்கார்ந்தார். மாமா அப்படியில்லை. கோட்டின் உள்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்து, வடைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அதில் என் தம்பியின் படம்.

தலை கலைந்து, கண் வீங்கி, உதட்டோரம் காய்ந்த இரத்தத்தோடு, எங்கேயோ பார்ப்பது போல இருந்தான். கீழே அவன் பெயர், உயரம், நிறை, பிறந்த திகதி. அதற்குக் கீழே ஆங்கிலத்தில் குற்றம்: தாக்குதல். அமெரிக்காவில் அவன் இருந்த மாவட்டத்துச் சிறையின் இணையப் பக்கத்திலிருந்து அச்செடுத்த தாள். அங்கே பொலிஸ் ஒருவரைப் பிடித்துச் சிறைக்குக் கொண்டுவந்தால் அந்தப் பதிவை யாரும் எங்கிருந்தும் பார்க்கலாமாம். எனக்கு அப்படி ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

“உங்கடை தம்பி மறியலிலை இருந்தவர். ஏன் மறைச்சனீங்கள், பிள்ளை?” என்றார் மாமா.

என் கணவர்தான், எங்களுக்கு இது தெரியாது, அவனிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்றார். மாமா சிரித்தார். “இதிலை கேக்கிறதுக்கு என்ன இருக்கு? இது நான் களவெடுத்ததோ? ஆரும் பாக்கலாம். பெயரை அடிச்சவுடனை வந்து நிக்குது.” அவர் குரலில் கவலையே இல்லை. ஏதோ பரீட்சையில் முதலாவதாக வந்தவர் போலச் சந்தோஷமாக இருந்தார். அதுதான் எனக்கு முதலில் சுட்டது.

அவர்கள் போனபிறகு தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே காலை. விஷயத்தைச் சொன்னேன். “ஓம் அக்கா, பிடிச்சவங்கள்” என்றான்.

பிடிபட்ட காலத்தில் அவன் பெற்றோல் நிலையத்துக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் குடிவெறியில் வந்த ஒருவன் சாமானை எடுத்துக்கொண்டு வெளிக்கிட, இவன் மறித்திருக்கிறான். அவன் இவன் முகத்தில் குத்த, இவன் தள்ள, அவன் விழுந்து தலை உடைந்திருக்கிறது. வந்த பொலிஸ் இரத்தத்தோடு கிடந்தவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, நின்றவனை விலங்கு போட்டுக் கொண்டுபோனது. சனி ஞாயிறில் நீதிபதி இல்லை என்பதால் திங்கள்வரை சிறை. பிறகு கடையின் கமராவைப் பார்த்துவிட்டு வழக்கைக் கைவிட்டார்கள்.

“ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?”

“சொன்னா நீ அழுவாய். அம்மாவுக்கும் போயிடும்” என்றான். “விடு அக்கா. சனம் கதைச்சு ஓயட்டும்.”

நான் விடவில்லை. விட முடியவில்லை. ஏனென்றால் அடுத்த வாரம் தமிழ்க்கடைக்குப் போனபோது, மரக்கறிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் என்னைக் கண்டதும் கதையை நிறுத்தினார்கள். கடைக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டு, “அக்கா, அந்தப் படத்தைக் கொண்டுவந்து இஞ்சையும் காட்டினவர். நான் பாக்கேல்லை” என்றார். பார்க்காதவர் அது படம் என்று எப்படிச் சொன்னார்? மாமா அதைப் பிரதி எடுத்து வீடு வீடாகக் கொண்டு திரிந்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை கொடுப்பதற்கு முன்பே என் தம்பியின் உடைந்த முகம் ஒஸ்லோத் தமிழரின் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதத் தெரியவில்லை. நாங்கள் இருக்கிற நாட்டில் ஒருவரைப் பொலிஸ் பிடித்தால் அவர் படம் அப்படி ஊருக்குத் தெரிய வராது; பத்திரிகைகூடப் பெயரைப் போடப் பலமுறை யோசிக்கும். நாளைக்கு மாமாவின் மகனை இங்கே பிடித்தால் அந்த மறைப்பு அவருக்கு வேண்டும். அடுத்தவன் பிள்ளை என்றால் மட்டும், “ஆரும் பாக்கலாம்.”

சரி, யாரும் பார்க்கலாம் என்றால் நானும் பார்க்கிறேன் என்று கணினி முன்னால் இருந்தேன். சிறைப் பக்கத்தில் அவன் சிறையில் இருந்த கதை மட்டும்தான் இருந்தது. பிடித்தார்கள், வைத்திருந்தார்கள், வெளியே விட்டார்கள். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று ஒரு சொல் இல்லை. தேடித் தேடி அந்த மாவட்ட நீதிமன்றத்தின் பக்கத்தைக் கண்டுபிடித்தேன். அங்கேயும் பெயரை அடித்துத் தேடலாம். வழக்கு எண்ணும், பக்கத்தில் ஒரே ஒரு சொல்லும் வந்தன: தள்ளுபடி. மாமா இன்னும் கொஞ்சம் தேடியிருந்தால் இதையும் கண்டிருப்பார். தேடவில்லை. தனக்கு வேண்டியது கிடைத்ததும் நிறுத்திவிட்டார்.

ஒரு சொல்லைக் காட்டினால் அந்த மனிதர் நம்பமாட்டார். தம்பி அனுப்பினால் அவனே செய்த தாள் என்பார். அதனால் நீதிமன்றத்துக்கே தொலைபேசி எடுத்தேன். நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். பின்னேர இடைவேளையில், உடுப்பு மாற்றும் அறையில் நின்றுகொண்டு, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறி விளக்கினேன். மறுமுனையில் ஒரு பெண். வயது தெரியாத, நிதானமான குரல். அவசரப்படுத்தாமல் வழக்கு எண்ணை என்னிடம் திருப்பித் திருப்பிக் கேட்டு, எடுத்து வாசித்தாள். அரச தரப்பே வழக்கைத் தொடர விரும்பவில்லை என்று சொல்லியிருக்கிறது, நீதிபதி தள்ளுபடி செய்திருக்கிறார்.

அப்படியென்றால் ஏன் அந்தப் படம் இன்னும் கிடக்கிறது என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். அவள் கோபிக்கவில்லை. அது சிறையின் பக்கம், இது நீதிமன்றத்தின் பக்கம், அதை மாற்றத் தனக்கு அதிகாரமில்லை என்றாள். பிறகு, தானாகவே, “அவர் என் தம்பியாக இருந்தால் எனக்கும் கோபம் வரும்” என்றாள். அந்த வாரம் முழுவதும் எனக்காக ஒருவர் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான். அன்றைக்கே உத்தரவின் பிரதியை எங்கள் வேலையிடத்துக்குத் தொலைநகலில் அனுப்பிவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளோடு ட்வெய்ட்டாவுக்குப் போனோம். பெண்ணின் அப்பா, அம்மா, மாமா மூவரும் வரவேற்பறையில் இருந்தார்கள். பெண் குசினிக்குள் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நின்றாள். மாமா கண்ணாடியைப் போட்டு மேலிருந்து கீழ்வரை வாசித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தாளை மடித்து என் பக்கம் தள்ளினார்.

“வழக்கு தள்ளுபடி, சரி. ஆனா பிடிச்சது பிடிச்சதுதானே.”

நான் எழுந்துவிட்டேன். என் கணவர் கையைப் பிடித்தார், உதறினேன். “அண்ணை, முதல் தாளை ஆர் ஆருக்குக் காட்டினீங்களோ, அவை எல்லாருக்கும் இதையும் கொண்டுபோய்க் காட்டுங்கோ.”

“எனக்கென்ன வேறை வேலை இல்லையோ?” என்றார். “நான் எங்கடை பிள்ளையின்ரை நன்மைக்குச் செய்தது.”

அப்போதுதான் பெண் குசினியிலிருந்து வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டே, சத்தம் போடாமல் சொன்னாள்: “மாமா, எனக்கு உது முதலே தெரியும். கல்யாணத்துக்கு ஓம் எண்டு சொல்ல முன்னமே அவர் எல்லாம் சொல்லிட்டார். ‘யோசிச்சுப் போட்டுச் சொல்லும்’ எண்டவர். யோசிச்சுத்தான் ஓம் எண்டனான்.”

அவள் அம்மாதான், “ஏனடி எங்களுக்குச் சொல்லேல்லை?” என்று கேட்டார்.

“அது அவர் என்னை நம்பிச் சொன்னது. நீங்கள் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன். மாமா ஊர் முழுக்கப் படம் காட்டினவர். என்னட்டை ஆராவது ஒரு வார்த்தை கேட்டனீங்களோ?” என் பக்கம் திரும்பி, “மச்சாள், இருங்கோ, தேத்தண்ணி போட்டனான்” என்றாள்.

அவள் அப்பா எழுந்தார். மாமாவைப் பார்த்து, “அத்தான், அந்தப் பிரதியள் மிச்சம் இருந்தாத் தாங்கோ” என்றார். மாமா கோட்டை எடுத்துக்கொண்டு வெளியேறினார். அப்பா என்னிடம், மண்டபத்தை விட வேண்டாம் என்று மட்டும் சொன்னார். மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் தேத்தண்ணியைத் தானே கொண்டுவந்து என் கையில் தந்தார்.

கோடையில் கல்யாணம் நடந்தது. மாமா வந்தார், முன்வரிசையில் இருந்தார், நன்றாகச் சாப்பிட்டார். என் தம்பி அவரோடு கைகொடுத்துக் கதைத்தான், என்னால் முடியவில்லை. அதற்கு முன்பே நீதிமன்றத் தாளைப் பிரதி எடுத்துக் கடைக்குக் கொண்டுபோயிருந்தேன். கடைக்காரர் மேசையில் வைத்தார். வந்தவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டு அரிசி விலையைக் கேட்டார்கள். ஆங்கிலம் விளங்கவில்லையாம். குற்றத்தின் ஆங்கிலம் மட்டும் எல்லோருக்கும் நன்றாக விளங்கியிருந்தது. கல்யாண மண்டபத்தில்கூட, பின்னால் இருந்த ஒரு பெண் மற்றவளிடம், “உவர்தானே மறியலிலை இருந்தவர்” என்று சொன்னது என் காதில் விழுந்தது. நான் திரும்பி அவளைப் பார்த்த பார்வையில் அவள் எழுந்து வேறு கதிரைக்குப் போனாள்.

தம்பியும் அவளும் நன்றாக இருக்கிறார்கள். தாங்கள் அதை மறந்துவிட்டதாகவே சொல்கிறார்கள். எனக்கு மட்டும் கோபம் போகவில்லை. போகவேண்டும் என்று நான் முயலவும் இல்லை. இன்றைக்கும் யாராவது வந்து, இன்னாரைப் பொலிஸ் பிடித்ததாம் என்று கண் விரியச் சொன்னால், பிறகு என்ன நடந்தது என்று கேட்கிறேன். அவர்களுக்கு அது தெரிவதில்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நினைப்பும் இருப்பதில்லை. அப்போதெல்லாம் அந்த நீதிமன்றத்துப் பெண்ணின் நிதானமான குரல் ஒன்றுதான் என்னை மனிதரை முழுதாக வெறுத்துவிடாமல் வைத்திருக்கிறது.